முகவரி இல்லாத சாவிகள்

என் கொழுந்தியாளைப் பாராட்டி நாலு வார்த்தை சொல்வதற்குள் நான் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்து வருடமாக அவளை 'இன்ஸ்பெக்டரம்மா' என்று கிண்டலடித்த வாய் இது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் பூட்டுக்காரன். கடை கீழே, வீடு மாடியில். மனைவியின் தங்கையும் எங்களோடுதான் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

சண்டை தொடங்கியது மாடிக் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று. ஒரு சாவியின் பற்கள் எத்தனை ஆழம் என்பதை ஐந்தாறு எண்களில் எழுதிவிடலாம். அந்த எண் கையில் இருந்தால், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவருக்கு, பூட்டை உடைக்காமல், கால் மணி நேரத்தில் புதுச் சாவி வெட்டிக் கொடுப்பேன். அப்படி அறுநூறு வீட்டு எண்களுக்கு மேல் என்னிடம் இருந்தன. பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏன் மாமா, சாவிக்கொத்துல வீட்டு விலாசத்த எழுதித் தொங்கவிடுவீங்களா?"

"எந்த மடையனாவது அப்படிச் செய்வானா?"

"நீங்க இப்ப அதத்தான் செய்யப்போறீங்க."

அவள் வேலை செய்யும் இடத்தில் சில பரிசோதனைகளுக்குக் குழாயில் எண் மட்டும்தான் ஒட்டுவார்களாம். யாருடைய ரத்தம் என்பது வேறு பதிவேட்டில், பூட்டிய அலமாரியில். அதே மாதிரி எனக்கும் செய்துவைத்தாள். கம்ப்யூட்டரில் வரிசை எண்ணும் சாவி எண்ணும். முகவரிகள் ஒரு தடித்த நோட்டில், இரும்பு அலமாரிக்குள். யாராவது போன் செய்தால் நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, நோட்டைப் புரட்டி, வரிசை எண்ணைப் பார்த்து, மறுபடி வந்து உட்கார வேண்டும். என் முழங்காலின் நிலைமைக்கு இது ஒரு தண்டனை.

அதோடு விட்டாளா? எனக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். அதில் எழுதலாம், படிக்கலாம். புதிதாக எந்தப் புரோகிராமையும் ஏற்ற வேண்டுமென்றால் அவளுடைய கடவுச்சொல் வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் ஒரு சின்னப் பெட்டியை இணைத்து எல்லாவற்றையும் அதில் நகலெடுப்பாள். முடிந்ததும் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள். ஏன் கழற்ற வேண்டும், அப்படியே கிடக்கட்டுமே என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு வர்ற நோய் அதுக்கும் ஒட்டிக்கும் மாமா" என்றாள். போனுக்கு ஆறு இலக்க எண் வந்தால் யாருக்கும் சொல்லக் கூடாது, அவளுக்கும்கூடச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. வீடா, போலீஸ் ஸ்டேஷனா என்று என் மனைவியிடம் கத்தினேன். அவள் தங்கை பக்கம்.

இப்போது என் திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். என் கண்முன்னால் எதையும் மூடி வைக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாகப் பூட்டுகளோடு குடித்தனம் நடத்தும் கை இது, திறந்து பார்க்காமல் அடங்காது. அவள் கடவுச்சொல்லைத் தட்டும்போது பக்கத்தில் நின்று விரல்களைக் கவனித்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். நான்காவது வாரம் முழுச்சொல்லும் என்னிடம் இருந்தது. பயன்படுத்த வேண்டுமென்று நினைக்கவில்லை. திறக்க முடிந்தது என்ற திருப்தி, அவ்வளவுதான்.

இரண்டாவது தப்பு அதைவிட மோசம். நோட்டைத் தேடி எழுந்து எழுந்து அலுத்துப்போய், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், பட்டியலில் எண்களுக்குப் பக்கத்தில் முகவரிகளை எழுதத் தொடங்கினேன். அடிக்கடி சாவி தொலைக்கிற வாடிக்கையாளர்களாகப் பார்த்து ஒன்பது வீடுகள். அதற்குமேல் கண் வலித்தது, விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் சாவி வெட்டும் இயந்திரம் மக்கர் செய்தது. அதற்கான கையேடு கிடைக்குமா என்று தேடினேன். 'இலவசம்' என்று ஒரு பக்கம் வந்தது. இறக்கினால் அது கையேடாக இல்லை, ஏதோ ஏற்றச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று நானே தட்டினேன். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கைக் கட்டம் குதித்தது. இதுவும் இன்ஸ்பெக்டரம்மா வேலைதான் என்று எரிச்சலோடு, காவலுக்கு அவள் போட்டுவைத்திருந்ததை அணைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது.

நான் இடப்பக்கம் இழுத்தேன், அது வலப்பக்கம் போனது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடியது. பிறகு என் சாவிப் பட்டியலைத் திறந்து, அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தது. யாரோ என் நாற்காலியிலேயே என்னோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவளைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஈரத் துண்டும் கையுமாக இறங்கி வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நேரே சுவருக்குப் போய் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினாள். அம்புக்குறி நின்றுவிட்டது.

"இனி எதையும் தொடாதீங்க மாமா."

தன் போனிலிருந்து எங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினாள். வங்கிக் கணக்கினுடையதையும் மாற்றினாள். கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும், போன வாரத்து நகல் இழுப்பறைக்குள் பத்திரமாக இருக்கிறது, ஒன்றும் தொலையாது என்றாள். கத்தவில்லை. நானாக இருந்தால் அந்தத் தெருவே கூடியிருக்கும்.

"அந்தப் பட்டியல் அவன் கைக்குப் போயிருக்குமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"போயிருச்சுன்னேதான் வச்சுக்கணும்க்கா."

"போனா போகட்டும். வெறும் எண்தானே? அத வச்சு எந்தக் கதவப் போய்த் திறப்பான்? ஏங்க, அதுல எண் மட்டும்தானே இருக்கு?"

கொழுந்தியாள் என்னைப் பார்க்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இருபத்தாறு வருடப் பெயர் அப்படியே நிற்கும். அந்த ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் ஒன்றும் தெரியாது. இரவில் பூட்டிவிட்டுத் தூங்குவார்கள். அதில் தனியாக இருக்கிற ஒரு தையல்காரம்மா உண்டு. பூட்டு மாட்டிய அன்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொன்னவர். அந்த முகம் வந்து நின்றது. என்னால் முடியவில்லை.

"ஒன்பது வீட்டு விலாசத்த நான் எழுதிட்டேன்" என்றேன். "உன் பாஸ்வேர்டையும் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அதாலதான் இது நடந்துச்சு."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்தியாள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"சரி. கருவிப் பையை எடுங்க. இன்னைக்கே ஒன்பதையும் மாத்திடலாம். நானும் வர்றேன்."

கிளம்பும்போது அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று படியிறங்கினேன்.

முதல் வீட்டு வாசலில் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றேன். மணியை அவள்தான் அடித்தாள். பேசவேண்டியதை என்னிடம் விட்டுவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றாள். சொன்னேன்: உங்கள் சாவி எண் வேறொருவன் கைக்குப் போயிருக்கிறது, தப்பு என்னுடையது, பூட்டுக்குள்ளே சாவிப் பல் பொருந்துகிற முள்ளையெல்லாம் மாற்றிப் புதுச் சாவி தருகிறேன். இரண்டாவது வீட்டில் பஸ் டிரைவர் ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். என் கோபம் கிளம்பி மூக்குவரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என் திருப்புளியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

தையல்காரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்களா வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படிப்பா தெரிஞ்சிருக்கும்?" என்றார். நான் குனிந்து பூட்டைக் கழற்றினேன்.

ஒன்பதாவது வீடு முடியும்போது சாயங்காலமாகிவிட்டது. முழங்கால் வலியில் உயிர் போனது. அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் நின்றேன்.

"இன்னொண்ணு இருக்கு. சொல்ல வெட்கமா இருந்துச்சு. விலாசம் எழுதிப் பார்க்கணும்னு முதல்ல நம்ம வீட்டத்தான் எழுதினேன்."

"தெரியும் மாமா."

"என்னது?"

"கம்பியப் பிடுங்கும்போது பட்டியல் திறந்துதான இருந்துச்சு. முதல் வரியே நம்ம வீடு. அதுக்குத்தான் அக்காவ உள்தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காரச் சொல்லிட்டு வந்தேன்."

நான் விலாசம் எழுதியிருப்பதை அப்போதே பார்த்திருக்கிறாள். அக்கா கேட்டபோது துண்டை மடித்துக்கொண்டு நின்றது அதற்குத்தான்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நானே போய் ஒன்பது வீட்டு மணியையும் அடிச்சிருப்பேன். ஆனா நீங்க சொன்னீங்கல்ல."

என்னை அந்த அளவுக்கு நம்ப நான் அவளுக்கு என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். அவளும் தூசி என்றே வைத்துக்கொண்டாள்.

மனைவி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். பத்தாவதாக எங்கள் வீட்டுப் பூட்டை மாற்றி, முதல் சாவியைக் கொழுந்தியாள் கையில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் துடைக்க உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து, "பாஸ்வேர்டு போடப்போறேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

யாரும் சொல்லாமலே நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஆனால் விரல்கள் தட்டுவது காதில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் மனசு பாட்டுக்கு எண்ணத் தொடங்கிவிட்டது. உடனே சமையலறைக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தேன்.