ஹாலில் நின்ற கேரவன்

அத்தானுக்கு எதையும் தரையில் வரைந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். கட்டில் வாங்குவதற்கு முன்னால்கூடக் கட்டிலைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, அதில் குப்புறப் படுத்துப் பார்த்த மனிதர். அதனால் கேரவன் வாங்கலாம் என்று அக்கா சொன்னதும், அவர் கடைக்குப் போகாமல் நீல டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் செய்கிற எதுவும் எனக்கு எரிச்சல்தான். நான் செய்கிற எதுவும் அவருக்கு எரிச்சல் என்பதால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் அக்காவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறேன், அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். போன விடுமுறையில் ஹோட்டலில் தங்கினோம். ஜன்னல் பக்கத்து அறை யாருக்கு என்று வரவேற்பு மேஜையிலேயே அத்தானும் நானும் ஆரம்பித்து, ஊர் திரும்பும் வரை நிறுத்தவில்லை. இந்தத் தடவை அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, டென்ஷனே இருக்கக் கூடாது.

பழைய வண்டி விற்பவரிடம் இரண்டு கேரவன் இருந்தன. பெரியதில் ஐந்து பேர் படுக்கலாம், சின்னதில் நாலு பேர். வீட்டில் அக்கா, அத்தான், பிள்ளைகள் இரண்டு பேர், நான். கணக்கில் நான் என்றுமே மட்டம், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது.

முதல் சனிக்கிழமை அத்தான் பெரிய வண்டியின் அளவைத் தரையில் டேப்பால் ஒட்டினார். ஹால் போதவில்லை. வண்டியின் பின்பகுதி சமையலறைக்குள் போயிற்று. என் படுக்கை பின்பகுதியில்தான். ஆகவே நான் கேஸ் அடுப்புக்குக் கீழே தலையையும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே காலையும் வைத்துப் படுத்தேன். சாயங்காலம் வரை டேப்பைத் தாண்டாமல் அதற்குள்ளேயே குடும்பம் நடத்த வேண்டும் என்பது அத்தானின் சட்டம். வெளியே போக வேண்டுமென்றால் வாசல் என்று ஒட்டியிருக்கும் இடம் வழியாகத்தான் போக வேண்டும்.

நான் சுவர் வழியாகப் பாத்ரூமுக்குப் போனேன். அத்தான் பார்த்துவிட்டார். டேப் எப்படிச் சுவர் ஆகும் என்று கேட்டேன். அப்படியானால் படுக்கையும் படுக்கை இல்லை, எழுந்திரு என்றார். வாசலை அவர் ஒட்டியிருக்கும் பக்கமே தப்பு, இறங்கினால் நேராக நடுரோட்டில்தான் இறங்குவோம் என்று நான் எடுத்துக் காட்டினேன். அது உண்மையும்கூட. தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் வலது இடது தெரியவில்லை என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நான் தைத்த உறைகளின் தையல் கோணல்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்த ஆரம்பித்தார்.

அக்கா இரண்டு கையிலும் டீயோடு வந்தாள். நடைவழி ஒரு ஆள் அகலம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள் போலிருக்கிறது. நாங்கள் முடிக்கவில்லை. டீ ஆறி ஆடை படிந்த பிறகு இரண்டு டம்ளரையும் தொட்டியில் கவிழ்த்தாள். தொட்டி என் காலுக்கு மேலேயே இருந்ததால் டீ கொட்டிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை சின்ன வண்டி. ஹாலிலேயே கச்சிதமாக அடங்கிவிட்டது. அதில் எனக்கு இடமில்லை என்பதால் பிள்ளைகள் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நான் பெட்ரோல் பங்க். டேப்புக்கு வெளியே, ஜன்னலோரமாக, சோபாவில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு தடவை பெட்ரோல் போட்டார்கள். அதற்குப் பிறகு வண்டி என் பக்கம் வரவில்லை.

உள்ளே நாலு பேரும் இடித்துக்கொண்டு சீட்டு விளையாடினார்கள். அத்தான் கள்ளாட்டம் ஆடி மகளிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, டேப் படுக்கையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அக்கா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தூக்கமே வராது என்றுதான் நினைத்திருந்தேன். அத்தான் பிள்ளைகளிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். என் பக்கமும் திரும்பிக் காட்டினார். நான் வாயே திறக்கவில்லை. பெட்ரோல் பங்க் என்ன பேசும்?

ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. சாயங்காலம் அக்கா பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பெரிய வண்டியின் பெருமைகளைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி பெரியது, மெத்தைக்கு நானே இலவசமாக உறை தைத்துத் தருவேன், பிள்ளைகள் வளர்கிறார்கள். பெரிய வண்டியைச் சந்து பொந்தில் திருப்ப முடியாது, நிறுத்த இடம் கிடைக்காது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"நான் வர்றது உனக்குப் பிடிக்கலையா அக்கா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு உன்னையும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா ரெண்டு பேரையுமே பிடிக்கலடா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் தேய்த்து வைத்த டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்து முடிப்பதற்குள் அவளே, சரி, பெரியதையே வாங்கிவிடலாம், இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்றாள். ஜெயித்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் எல்லோரும் வண்டி பார்க்கப் போனோம். பெரிய வண்டியும் சின்ன வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அக்கா சின்ன வண்டிக்குள் ஏறி, எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிட்டாள். பெரிய வண்டிக்குள் ஏறவே இல்லை. நான் பெரிய வண்டியின் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ஸ்பாஞ்ச். குறை சொல்ல ஒன்றுமில்லை.

விற்பவர் எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டார்.

"அஞ்சு பேர்" என்றார் அத்தான். அக்கா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனால் முனகாமல், பல்லைக் கடிக்காமல் சொன்னார். அந்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"நாலு பேர்தான்" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் மாப்ளே, நீ வரலையா என்று அத்தான் கேட்டார். கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, ஊர் சுற்ற எனக்கேது நேரம் என்றேன். என் கடையில் ஒரே ஒரு ஸ்டூல் உறை தைக்கக் கிடப்பது அவருக்கும் தெரியும்.

நான் அக்காவைப் பார்த்தேன். விளையாடாதே, நீ இல்லாமல் எப்படி என்று ஒரு தடவையாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், அதை வைத்துக்கொண்டே வீட்டில் இருந்துவிடுவேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ்டா" என்றாள்.