மாமனாரைச் சேர்த்தெடுத்த ஞாயிறு

கலாமணியின் மாமனார் ஒரு சொல். பெயர் ஹ்லைபஸ், பொருள் ரொட்டி. பழைய ஜெர்மானியக் குடும்பம். அவரைக் கண்ணால் கண்டவரும் இல்லை, காதால் கேட்டவரும் இல்லை. அதனால், ஊகித்தறிந்த சொல் என்று காட்ட, பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பெண்வீட்டார் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை குடிக்கமாட்டார், அது போதாதா?

மாப்பிள்ளை ஹ்லேப் பிறந்த வீட்டில் வளரவில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஸ்லாவியர்கள் அவரை இரவல் வாங்கிப் போனார்கள், சர்க்கரை வாங்குகிற மாதிரி. திருப்பித் தரவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. பாவி மனுஷனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அப்பா தன்னை ஒரு தடவை 'டேய்' என்று கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார் மூவரும் ஈரோட்டுக்கு வந்தார்கள், அப்பாவைச் சேர்த்தெடுக்க. பிள்ளைகளின் முகங்களை ஒப்பிட்டு, பொதுவாக இருப்பதை எடுத்து அப்பாவைச் செய்துகொள்வது அந்தக் குடும்பத்து வழக்கம். ஜெர்மனியிலிருந்து லைப், இங்கிலாந்திலிருந்து லோஃப், ஐஸ்லாந்திலிருந்து ஹ்லேவுர். தம்பியையும் சேர்த்து நாலு பேருக்கும் அவரவர் ஊர்ப் பேச்சில் ரொட்டி என்றே பொருள்.

ஹ்லேப் முகம் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார்.

"நீ எந்திரி," என்றார் லைப்.

"ஏனுங்கண்ணா?"

"உன்ற மூஞ்சியில பக்கத்து வீட்டுக் களை ஏறிப்போச்சு. கலந்துரும்."

"மூக்கு மட்டுமாவது எடுத்துக்கங்க."

"மூக்கு இருக்குது," என்றார் லோஃப்.

கலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹ்லேவுர் வீட்டை விட்டு எங்கும் போகாதவர். அவரிடமிருந்து மூக்கும் காதும் கிடைத்தன. லைபிடமிருந்து தாடை. லோஃப் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்துபோயிருந்தார், புருவம்தான் தேறியது. மத்தியானத்துக்குள் அப்பா முடிந்தார். சோபாவில் உட்கார்ந்து இருமினார். நட்சத்திரம் மட்டும் நெற்றியில் இருந்தது, துடைத்தும் போகவில்லை.

"உங்க அப்பா பேரு என்னங்க மாமா?" என்று கேட்டாள் கலாமணி.

"தெரியலை. அதுக்கு மேல இருட்டு."

பிறகு அவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

"டேய், காலை நீட்டாதே."

லைப் விக்கி விக்கி அழுதார்.

"டேய், ஃபேனைக் குறைடா."

லோஃப் ஓடினார். ஹ்லேவுருக்கும் ஒரு 'டேய்' கிடைத்தது. ஹ்லேப் கதவோரத்தில் நின்றார். அப்பா அவரைக் கண்டதும் அவசரமாக எழுந்து கைகூப்பினார்.

"வாங்க, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க," என்றார் ஹ்லேப்.

காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கலாமணி மாமனாருக்குப் போட்டிருந்த இலையை எடுத்துவிட்டாள்.