முட்டை படாத பாட்டில்

தாவீது வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குப் போடும் திராட்சை ஒயினுக்கு ருசியில் குறைவில்லை. பார்வைதான் மோசம். செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறந்த அன்றைக்கு ஒரு சொம்பு மொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். கம்பெனியில் பக்கத்து லேத்தில் நிற்கும் மாரி, போன வருஷம் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல விரால் வுட்டா வளரும்ணே" என்றான். அதிலிருந்து கேன்டீன்காரன்கூட தாவீதை "விரால் அண்ணே" என்றுதான் கூப்பிட்டான்.

ஆகையால் 1991-இல் எப்பாடுபட்டாவது தெளிய வைத்துவிடுவது என்று முடிவு செய்தான். வாழ்க்கையில் வேறெதுவும் தெளிகிற மாதிரி தெரியவில்லை, ஒயினாவது தெளியட்டும். ஆரம்பமே அமர்க்களம். பன்னீர் திராட்சைக் கூடையோடு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறப் போனவனை, குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எந்தப் பையையும் விடாத போலீஸ் நிறுத்தி, கூடைக்குள் கைவிட்டுத் துழாவியது. பாதிப் பழம் அங்கேயே நசுங்கியது. படப்பை வீட்டுக்கு வந்து, "பிசையற வேலைய கவர்மென்டே செஞ்சிட்ச்சி" என்று மனைவி மெர்சியிடம் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

ஜாடியில் பொங்கி அடங்கிய பிறகு, எதைப் போட்டால் தெளியும் என்பதில் ஆளுக்கொரு யோசனை. கிணற்றுத் தண்ணீருக்குச் செய்கிற மாதிரி தேற்றாங்கொட்டையை உரைத்தால் போதும் என்று அவனே ஆரம்பித்தான். ஒரு பாட்டிலில் மட்டும் எடுத்துச் செய்து பார்த்தான். தேற்றாங்கொட்டைதான் தேய்ந்தது. ஒரு டம்ளரில் படிகாரம் போட்டுக் குடித்தான். முகச்சவரம் வாய்க்குள்ளே நடந்தது போலிருந்தது. வெள்ளைக்காரன் மீன் வயிற்றுக் காற்றுப்பையான நெட்டியைக் காயவைத்துப் போடுவான் என்று மாரி எங்கோ கேட்டுவந்து சொன்னான். விரால் பட்டத்தோடு நெட்டியும் சேர வேண்டாமென்று தாவீது அதைக் காதிலேயே வாங்கவில்லை. கடைசியில், பல்லாவரத்தில் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் செய்யும் மெர்சியின் அக்கா லூர்தம்மாள் வழி சொன்னாள்.

"முட்ட வெள்ளைய நுரைக்க அடிச்சி ஊத்து. கசடெல்லாம் புடிச்சிகினு அடியில போயி உக்காந்துக்கும். மேல கீறத வடிச்சிக்கோ."

அப்படியே ஆயிற்று. வடித்த ஒயினை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தபோது, வெயில் சிவப்பாகி அவன் சட்டையில் விழுந்தது. தண்ணீர் திராட்சரசமான கானா ஊர்க் கல்யாணத்துக்கு அடுத்தபடியான அற்புதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மெர்சி முந்தானையில் கை துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. நரசிம்மன் சாரு இத குடிப்பாரா?"

கையிலிருந்த பாட்டில் சட்டென்று கனத்தது.

நரசிம்மன் கம்பெனி ஸ்டோர் கீப்பர். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருக்காரர். முட்டை கலந்திருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடாதவர். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பஸ் பிடித்து தாவீது வீட்டுக்கு வந்துவிடுவார். "அங்கெல்லாமா போறே?" என்று அவர் தெருவில் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. இங்கே வந்து அவர் வாயில் வைப்பது ஒரு டம்ளர் ஒயின் மட்டும்தான். குடிப்பதற்கு முன்னால், "என்னென்ன போட்டிருக்கே?" என்பார். "திராட்சை, சக்கரை, கோதுமை, பட்டை." "போதும், குடு." அவ்வளவுதான் விசாரணை.

தாவீதின் அப்பாவுக்கு ஊர் டீக்கடையில் கிளாஸ் தனி. வெளியே ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்ட வேண்டும். அந்த அப்பாவின் பிள்ளை வீட்டில், இந்த மனிதர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதை தாவீது யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. வருஷம் பூராவும் நெஞ்சுக்குள் வைத்திருந்தான்.

"முட்டதான் அடியில போயிடுச்சே மெர்சி. வடிச்சதுல ஏது முட்ட?"

"அப்ப அவரு கேக்கறப்ப முட்டையும் சேத்து சொல்லு."

அப்போதுதான் தேற்றாங்கொட்டை பாட்டில் ஞாபகம் வந்தது. முட்டை படாத ஒரே பாட்டில். அதை எடுத்துத் தனியாக அலமாரியில் வைத்தான். கண்ணாடி டம்ளர்களில் எல்லாம் மற்ற ஒயின் புழங்கும் என்று, கடைக்குப் போய்ப் புது எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் வாங்கி வந்தான். வெளிச்சம் புகாத எவர்சில்வரில் கலங்கலும் தெரியாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். அவன் மூளையை மெச்ச வேறு ஆளும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மாரி முதலில் வந்து, கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "விரால் செத்துப் போச்சேண்ணே" என்று துக்கம் விசாரித்தான். பிறகு நரசிம்மன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். மாரியின் கையிலிருந்த சிவப்பைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"பலே தாவீது. ஜெயிச்சுட்டியே."

தாவீது அலமாரியைத் திறந்தான். தனிப் பாட்டிலிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இன்னா சார்," என்றான் மாரி விளையாட்டாக, "எங்களுக்கெல்லாம் கண்ணாடி, உங்களுக்கு மட்டும் தனி டம்ளரு?"

நரசிம்மன் சிரிக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தார். மாரியின் கையைப் பார்த்தார். மறுபடி டம்ளருக்குள் பார்த்தார்.

"இது போன வருஷத்து மிச்சமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தாவீதின் கண்ணுக்கு டம்ளரைப் பிடித்திருந்த அந்தக் கை தெரியவில்லை. ஆணியில் தொங்கிய கிளாஸ்தான் தெரிந்தது.

"இல்ல சார். அதுல முட்ட போட்டுட்டேன். தெளியறதுக்கு. உங்கள மறந்து போட்டுட்டேன். இது ஒண்ணுதான் முட்ட படாதது. டம்ளரும் புச்சு சார், அதான்... வேற ஒண்ணும் இல்ல சார்."

நரசிம்மன் டம்ளரைக் கொஞ்சம் இறக்கினார்.

"போன வருஷம் போட்டிருந்தியா?"

"கலங்கல்தானே சார். கலங்கலா இருந்தா முட்ட இல்லன்னு அர்த்தம்."

மாரி சிரிக்கப் பார்த்து, மெர்சியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். நரசிம்மன் பாதி குடித்தார். எப்போதும் முழுசாகக் குடிப்பவர். மழை, கம்பெனி, ஓவர்டைம் என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தவர், மீதியை மேஜையில் வைக்காமல், டம்ளரோடு நேராகக் கொல்லைப் பக்கம் குழாயடிக்குப் போனார்.

"நானே அலம்பி வச்சுடறேன். உனக்கெதுக்குச் சிரமம்."

மரியாதையாகத்தான் சொன்னார். தாவீது ஓடிப்போய் டம்ளரைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் சார்."

"பரவால்ல, விடு."

"நீங்க கழுவாதீங்க சார். கேக்கறேன் இல்ல."

அவன் குரல் உடைந்ததில் நரசிம்மன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த வருஷம் எல்லாருக்கும் கலங்கலே போடு" என்றார். வருகிறேன் என்று சொன்னாரா என்பது, அப்போது கிளம்பிய மாரியின் சைக்கிள் சத்தத்தில் தாவீதுக்குக் கேட்கவில்லை.

"அந்த எவர்சில்வர எங்க வெக்கிறது?" என்று உள்ளிருந்து மெர்சி கேட்டாள்.

"எல்லாத்தோடயும் வை."

சொல்லிவிட்டு, டம்ளரில் மிச்சமிருந்த பாதியைக் குழாயடியில் நின்றபடியே அவன் குடித்தான். ஜாடியில் தெளிந்ததைவிட இது நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்கு மனசு ஆறவேயில்லை.