கேட்டுக்கு வெளியே ஓர் ஆம்னி

1

இந்தக் கதையை முதலில் எழுதியது நான் இல்லை. எங்கள் காலனி எழுதியது.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. கதை எழுத அதற்குப் பேனாவோ பேப்பரோ தேவையில்லை. காலை நடைக்கு நாலு பேர் கிளம்பினால் போதும். இந்த 2003 மார்கழியில், போன செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர்கள் எழுதி முடித்த கதையின் சுருக்கம் இது: கல்யாணமாகி எட்டு மாதமே ஆன மருமகள், புருஷன் நைட் ஷிஃப்ட் போன நேரம் பார்த்து, மாமனார் மாமியாரை வெளியே தள்ளி கேட்டைப் பூட்டிக்கொண்டு தூங்கினாள்.

அந்த மருமகள் நான்தான். பெயர் நித்யஸ்ரீ. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. எப்போதாவது கதை எழுதுவதும் உண்டு.

காலனியின் கதையில் கிட்டத்தட்ட எல்லாமே உண்மை. எட்டு மாதம், சரி. நைட் ஷிஃப்ட், சரி. அவர்கள் வெளியே படுத்தது, நான் பூட்டியது, நான் தூங்கியது, எல்லாம் சரி. தள்ளியது மட்டும்தான் கற்பனை. இவ்வளவு குறைந்த கற்பனையில் இவ்வளவு பெரிய கதை எழுத எனக்கு வராது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

2

என் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த விடியற்காலையில், பூட்டிய கேட்டுக்கு வெளியே..." (வேண்டாம். இப்படித் தொடங்கினால் இரண்டாவது பத்தியில் யாராவது செத்துப்போவார்கள். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. நிம்மதியாகப் படியுங்கள்.)

"முகாம் வாழ்க்கைக்குப் புதியவர்கள், கூடாரத்துக்கு முன்பாக, வாகனத்தில் உறங்கிப் பழகுவது..." (இது கட்டுரை. ஆனால் என் மாமனார் இப்படித்தான் பேசுவார்.)

"நான் கேட்டைச் சந்தோஷமாகப் பூட்டினேன்." (இது உண்மை. அதனாலேயே இதை முதல் வரியாக வைக்கப் பயமாக இருந்தது. இங்கே இருக்கட்டும்.)

3

மாமனாரை அப்பா என்றும் மாமியாரை அம்மா என்றும்தான் கூப்பிடுகிறேன். கதையிலும் அப்படியே வரும்.

அப்பா பெயர் ஸ்ரீநிவாசராகவன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்பார்கள். அப்பா வேடந்தாங்கல் என்றார். ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தி, அதிலேயே படுத்து, விடியும்போது அத்தனை பறவைகளும் எழுவதைப் பார்க்க வேண்டும். டிவியில் வெளிநாட்டுக்காரர்கள் கேம்பிங் போவதைப் பார்த்து வந்த ஆசை. அதற்காகவே ஒரு பழைய மாருதி ஆம்னியை வாங்கினார். "கூடாரமெல்லாம் அப்பறம். கத்துக்குட்டிக்கு வண்டிதான் சரி" என்றார்.

அம்மா பெயர் பட்டு. இவரைப் பாத்திரமாக எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். எட்டு மாதத்தில் அவர் என்னைத் திட்டியதில்லை. பாராட்டியதும் இல்லை. ரசத்தில் உப்புக் குறைந்தால் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து நடுவில் வைப்பார், அவ்வளவுதான். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமலேயே அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. இந்தக் கதையில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அம்மா என்னை என்னவென்று நினைக்கிறார்?

வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம். பெரியவர்கள் ஹாலில் படுப்பார்கள். ரூமில் நான். என் கணவர் சம்பத்துக்கு அமெரிக்கக்காரர்களோடு விடிய விடியப் போனில் பேசுகிற வேலை. காலையில்தான் கம்பெனி வண்டி கொண்டுவந்து விடும். ஆக, ராத்திரியில் கட்டிலில் நான் தனி. அது பழைய கட்டில், புரண்டால் கிரீச்சென்று கத்தும். ஹாலில் கேட்குமே என்று புரளாமல், கட்டை மாதிரி படுத்திருப்பேன். தூக்கம் வராது.

4

நேராக ஏரிக்கரைக்குப் போக அம்மா சம்மதிக்கவில்லை.

"ஏன்னா, அங்க போய் ராத்திரி முழுக்க முழிச்சுண்டு உக்காரச் சொல்றேளா? மொதல்ல நம்மாத்து வாசல்ல ஒரு நாள் படுத்துப் பாப்போம். சரியா வந்தா போலாம்."

அப்பா தேர்வு வைப்பவர் ஆயிற்றே, உடனே பிடித்துக்கொண்டார். ஆம்னியின் பின்சீட்டைக் கழற்றி மெத்தையை விரித்தார். அம்மா பழைய கொசுவலையை வெட்டி எலாஸ்டிக் வைத்துத் தைத்து ஜன்னல்களுக்கு மாட்டினார். காற்றுக்காகக் கண்ணாடி ஒரு விரல்கடை திறந்திருக்கட்டும் என்றார். தெருவிளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்க முன்கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர். உள்ளே தலையணை, ஃபிளாஸ்க், டார்ச், தைலம். வேனை நிறுத்திய இடம் கேட்டுக்கு நேர் வெளியே, தினமும் அம்மா கோலம் போடுகிற இடத்தின் மேல்.

கடைசியில் அப்பா என்னிடம் சொன்னார்:

"நித்யா, கேட்டை உள்பக்கமா பூட்டிடு. மொதல் கொசு கடிச்ச ஒடனே ஆத்துக்குள்ள ஓடி வந்துட்டா அது கேம்பிங்கே இல்ல. கார்த்தால அம்மா எழுந்ததும் ஹார்ன் அடிக்கறேன், அப்போ தெற."

இதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கே உரிய பிழை. யாரும் அலாரம் வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? அம்மா நாலரைக்கு எழுந்துவிடுவார். மழையோ ஜுரமோ, கல்யாணமானதிலிருந்து தவறியதில்லை. அதுவும் மார்கழியில், வாசல் தெளித்துக் கோலம் போடாமல் தூங்குவதாவது! அப்பா அம்மாவை நம்பினார். நான் ஹார்னை நம்பினேன்.

பூட்டினேன். சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டேன்.

5

[இங்கே ஓர் இரவு இருக்கிறது. மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். ஒரு வரி மட்டும் மிச்சம்:]

ஆம்னிக்குள் அம்மா, அப்பா பக்கம் திரும்பி, முதன்முறையாக

(முதன்முறையாக என்ன? எனக்கு எப்படித் தெரியும்? நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கட்டில் கத்தியிருக்கும், கத்தட்டும். ஹாலில் யாரும் இல்லை. இதைக் குற்றமாக ஒப்புக்கொள்ளவில்லை. சுகமாக இருந்தது என்று சொல்கிறேன்.)

6

காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து பார்த்தால் நன்றாக விடிந்திருக்கிறது. ஹார்ன் சத்தமே கேட்கவில்லையே என்று அவிழ்ந்த கொண்டையோடு, நைட்டியோடு வாசலுக்கு ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே மங்கி கேப்பும் மஃப்ளருமாக ஒரு கூட்டம். முன்னால் காலனி சங்கச் செயலாளர் பக்தவச்சலம் சார். பக்கத்தில் பால் பாக்கெட் போடும் அங்காளம்மா. தெருவில் எல்லா வாசலிலும் கோலம், பூசணிப்பூ. எங்கள் வாசலில் மட்டும் பனி படிந்த ஆம்னி.

"என்னம்மா இது. வயசானவங்க. பனி வேற" என்றார் சார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. "குடும்பத்துல நூறு இருக்கும். அதுக்காக இப்படியா?"

"இன்னாமா, பெரியவங்கள தெருவுல போட்டுட்டு உள்ள பூட்டிகினு தூங்கிகினு கீற. நல்லாவா கீது?" என்றார் அங்காளம்மா.

"இல்ல சார், அவங்க கேம்பிங் பழகறாங்க" என்றேன்.

காலை வேளையில், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்த வாக்கியத்தை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"மொதல்ல கேட்டைத் திறம்மா" என்றார் சார்.

சாவியைத் தேடி உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜ் மேல் இல்லை. டிவி மேல் இல்லை. தலையணைக்கடியில் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றேன். திறக்க மனசில்லாமல் நடிக்கிறேன் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது முகங்களில் தெரிந்தது. அங்காளம்மாதான் என் கழுத்தைக் காட்டினார். "அத்தோ தொங்குதே."

(இதை நான் புனைந்திருந்தால் வேண்டாம் என்று நானே அடித்திருப்பேன்.)

பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது தெருமுனையில் கம்பெனி குவாலிஸ் திரும்பியது. சம்பத். இந்தக் கூட்டம் இதை அவரிடம் எப்படிச் சொல்லும், எந்த வரியில் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டே சாவியைத் தலைகீழாக நுழைத்தேன். பக்தவச்சலம் சார் ஆம்னியின் பக்கவாட்டில் தட்டினார். "சார். சார். எழுந்திருங்க."

உள்ளே ஏதோ உருண்டது. அப்புறம் ஹார்ன் அடித்தது. நீளமாக. தூக்கம் கலைந்தும் கலையாமலும் அப்பா செய்த முதல் காரியம், எட்டிப்போய் ஹார்னை அழுத்தியதுதான். சொன்ன சொல் தவறாதவர். கூட்டம் துள்ளிக் குதித்து விலகியது.

கதவு சறுக்கித் திறந்தது. அம்மா. கலைந்த தலை, கன்னத்தில் தலையணைத் தடம். வெயிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். எல்லாரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் ஏன் இங்க நிக்கறேள்?" என்றார். பிறகு புரிந்துவிட்டது போலிருக்கிறது. "நான்தான் பூட்டச் சொன்னேன். என் மாட்டுப்பொண்ணு நான் சொன்னா சொன்னபடி செய்வா. தூங்கிப்போனது என் தப்பு. அவளை ஏன் இந்தக் குளிர்ல நிக்க வெச்சிருக்கேள்?"

பூட்டச் சொன்னது அப்பா. அப்பா வாய் திறந்து திருத்தப் போனார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கணக்கு வாத்தியார் முதன்முறையாக ஒரு தப்பு விடையை அப்படியே விட்டுவிட்டார்.

"இல்ல மாமி, எதுக்கு வெளிய..." என்று இழுத்தார் பக்தவச்சலம் சார்.

"வேடந்தாங்கல் போறோம். அதுக்குப் பழகிக்கறோம்."

"வேடந்தாங்கல் இங்கதான இருக்கு. காலைல போய்ட்டு டிபனுக்கு வந்துடலாமே."

"பறவை எழுந்துக்கறச்சே நாம அங்க இருக்கணும் சார்" என்றது உள்ளிருந்து அப்பாவின் குரல்.

சம்பத் குவாலிஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "என்னாச்சு? ஆக்ஸிடென்ட்டா?"

"கேம்பிங்டா" என்றார் அம்மா, செருப்பைத் தேடிக்கொண்டே.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. மார்பிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. அங்காளம்மா மட்டும் போகும்போது, "தாராளமா தூங்கு கண்ணு, ஆனா சாவிய கைல வச்சிகினு தூங்கு" என்று சொல்லி இரண்டு பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

7

கதை இங்கேயே முடியலாம். பல வாசகர்கள் அதைத்தான் விரும்புவார்கள். மாமியார் காப்பாற்றினார், சுபம்.

அல்லது, அவர்கள் கேம்பிங் போனதே சின்னஞ்சிறுசுகளுக்கு வீட்டை விட்டுக்கொடுக்கத்தான் என்று ஒரு முடிவு. (பத்திரிகைக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குச் சம்பத் நைட் ஷிஃப்ட் போயிருந்தாரே? அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. சமையலறையில் நான் காபி டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"நன்னா தூங்கினியோ?" என்று கேட்டார்.

கேள்வியில் கொக்கி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. "தூங்கினேம்மா" என்றேன்.

"உன் கொண்டையப் பாத்தாலே தெரிஞ்சுது. தூங்கறவா புரளுவா. நீ எட்டு மாசமா ஒரு நாள்கூடப் புரண்டதில்ல. அந்தக் கட்டில் கத்துமே, ஒரு தடவை கத்தாதான்னு கேட்டுண்டே படுத்திருப்பேன். கத்தினா, சரி, கொழந்தை தூங்கிட்டான்னு நானும் தூங்கலாம். கத்தவே கத்தாது." டவராவை என் பக்கம் தள்ளினார். "நேத்து வண்டிக்குள்ள அந்தக் கட்டில் கேக்கல. கவலை விட்டுது, அசந்து தூங்கிட்டேன்."

ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவர் தூங்கட்டும் என்று நானும், நான் தூங்கட்டும் என்று அவரும், எட்டு மாதம் விழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவர் தள்ளிய டவராவில் காபியை ஊற்றினேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அம்மா எழுந்துபோய் எடுத்து வந்தார்.*

* இதுவரை படித்துவிட்டு அம்மா சொன்ன திருத்தம் ஒன்றுதான்: "ஜாடி இல்லடி, எவர்சில்வர் டப்பா." மற்றதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

8

இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதலாம் என்றுதான் இன்று லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். சம்பத் வேலைக்குக் கிளம்பிவிட்டார். வெளியே அப்பா ஆம்னியைத் துடைத்து முடித்துவிட்டார். அம்மா தலையணை, ஃபிளாஸ்க், தைலத்தோடு இந்தத் தடவை ஒரு அலாரம் கடிகாரத்தையும் எடுத்துப் போகிறார். நாளைக் காலையில் பறவைகள் எழும்போது தான் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாதாம். எழுதுவதை நிறுத்திவிட்டு வழியனுப்பப் போனேன்.

பக்தவச்சலம் சார் நடையை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். எதிர்வீட்டு மாடியிலும் யாரோ. அம்மா ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"நித்யா, கேட்டைப் பூட்டிக்கோ. கட்டில் கத்தினா கத்தட்டும், நன்னா புரளு."

வண்டி ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் திரும்பிவிட்டது.

பூட்டு இதோ மேசைமேல், இந்தக் காகிதத்தின் மேல் இருக்கிறது. பூட்டினால் பக்தவச்சலம் சார் ஒரு கதை எழுதுவார், பூட்டாவிட்டால் வேறு கதை. எனக்கு இப்போது எதுவானாலும் சரிதான். கண் சொருகுகிறது. ஆகையால் முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சாவி என் கழுத்தில் இருக்கிறது. ஹார்ன் அடித்தால் மட்டும் என்னை எழுப்புங்கள்.