வலம் வந்த சக்கரங்கள்

புதுச் சக்கரங்கள் நான்கையும் மாட்டிவிட்டு மெக்கானிக் சமுத்திரம் ஜாக்கியை இறக்கியபோது ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கே ஆரம்பித்துவிடும். அதற்குள் ராஜபாளையத்தை விட்டு வண்டி கிளம்பியாக வேண்டும் என்று கண்ணபிரான் பட்டறை வாசலில் நிலைகொள்ளாமல் நின்றார்.

அவருடைய அப்பா காலத்து மோரிஸ் மைனர் அது. முதுகு வளைந்த கறுப்பு வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. கண்ணபிரானுக்கு அதில் ஒரே ஒரு குறைதான். சக்கரங்கள் நோஞ்சானாக இருக்கின்றன என்பார். கோயம்புத்தூரிலிருந்து அகலமான அலாய் வீலும் தடித்த டயரும் தருவித்துவிட்டார். தொண்ணூற்று நான்கில் அந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயம். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

"என்ன சமுத்திரம், ஆட்டுக்குட்டிக்கு யானைக்கால் வச்சிருக்க?" என்றான் ஒருவன்.

சமுத்திரம் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இடப்பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் தொங்கலாகக் கிடந்தது. எப்போதோ யாரோ மாற்றியபோது, கிடைத்த நீளத்தில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பழைய மெல்லிய டயர் அதை எட்டியிருக்காது.

"சாமி, செத்த நேரம் பொறுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்திருதேன்."

"ரோட்டில பாத்துக்கலாம்ப்பா. புதுச் சக்கரம் முதல்ல ஆண்டாளைச் சுத்தி வரணும். அப்புறம் எதுவானாலும். ஏறு, நீயும் வா."

நல்ல மனிதர். நல்ல காரியத்துக்குத்தான் அவசரப்படுகிறார். சமுத்திரம் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

நேரான சாலையில் வண்டி மிதந்து போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் கண்ணபிரானின் மனைவி பத்மாசனி எலுமிச்சம்பழங்களோடு காத்திருந்தாள். ஏழு மாத வயிறு. கண்ணபிரானே பழங்களை வாங்கிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கினார். பிறகு தேர் வீதிகளை மூன்று முறை வலம் வந்தார்கள். ஒவ்வொரு முனையிலும் சமுத்திரம் தலையை வெளியே நீட்டி, டயர் எங்காவது உரசுகிறதா என்று காதைக் கொடுத்தான். ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சொல்றே?"

"ஒண்ணுமில்ல சாமி. தேர் மாதிரி திரும்புது."

பத்மாசனி ஒரு பொட்டலம் பால்கோவாவை அவன் கையில் வைத்தாள். "வீட்டில குழந்தைகளுக்குக் குடு" என்றாள். அவன் பஸ் ஏறி ஊர் திரும்பினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. சமுத்திரம் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனான். நவக்கிரகங்களை ஏழு சுற்று வந்துவிட்டு, ராகு கேதுவுக்காக அந்தப் பக்கத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, திரும்பி இடமாகச் சுற்றத் தொடங்கினான். முதல் சுற்றில் பாதியிலேயே அவன் கால்கள் நின்றுவிட்டன.

நேற்று தேர் வீதியில் வண்டி எத்தனை முறை திரும்பியது? எல்லாமே வலப்பக்கம். வலம் வந்தால் வேறு எப்படித் திரும்பும்? கண்ணபிரான் வீடும் தேர் வீதியிலேயே இருக்கிறது. மாட்டியதிலிருந்து அந்தச் சக்கரங்கள் ஒரு தடவைகூட இடப்பக்கம் முழுசாகத் திரும்பவில்லை. திரும்பினால் தடித்த டயர் நேராக அந்தத் தொங்கல் ஹோஸில் போய்த் தேய்க்கும். ஹோஸ் அறுந்தால் ஒரு சக்கரத்துக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

மீதிச் சுற்றை முடிக்காமலே வெளியே ஓடினான். டெலிபோன் பூத்திலிருந்து கண்ணபிரான் வீட்டுக்குப் பேசினான். அவருடைய தங்கை கோதைநாயகி எடுத்தாள்.

"அண்ணாவும் மன்னியும் அய்யனார் கோவிலுக்குக் கிளம்பிட்டாளே! மன்னிக்கு அருவியைப் பாக்கணும்னு ஆசை. இந்நேரம் உங்க ஊரைத் தாண்டியிருப்பா. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். பயப்படுத்தி என்ன ஆகப்போகிறது.

டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு மேற்கே விரட்டினான். அது எம்புட்டு விரட்டினாலும் அதற்கு இருக்கிற வேகம்தான். மாந்தோப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மலை பக்கத்தில் வர வர, சாலை வளைய ஆரம்பித்தது. இடப்பக்க வளைவு வரும்போதெல்லாம் அவன் சாலை ஓரத்தைக் கூர்ந்து பார்த்தான். ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது. அதனால் அவருக்கும் தெரியாது. தெரியப்போவது இறங்கும்போதுதான். இறங்கும்போது பக்கத்தில் பத்மாசனி உட்கார்ந்திருப்பாள்.

'தாயே, நான் போறதுக்குள்ள அவிய கிளம்பிரக் கூடாது' என்று ஆண்டாளிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே போனான்.

ஓர் இடத்தில் மண்ணில் அகலமான டயர் தடம் தெரிந்தது. வண்டி ஓரமாக நின்று கிளம்பியிருக்கிறது. நடந்தது இதுதான். கொய்யாப்பழம் விற்கிற இருளம்மாள் வெறுங்கூடையோடு மேலே கோவில் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். பத்மாசனி பார்த்துவிட்டு, "ஏன்னா, வெயில்ல நடக்கறா பாருங்கோ" என்று வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். சமுத்திரத்துக்கு அது தெரியாது. அவன் கண்ணில் பட்டது தடத்தின் பக்கத்தில் இருந்த ஈரப் புள்ளிகள். இறங்கித் தொட்டு மோந்து பார்த்தான். பிரேக் ஆயில். ஹோஸ் கசிய ஆரம்பித்துவிட்டது.

அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை.

மேலே, கோவிலுக்குச் சற்றுக் கீழே, சரிவில் மரத்தடியில் கண்ணபிரான் வண்டியை நிறுத்தியிருந்தார். திரும்பிப் போக வசதியாக இருக்கட்டும் என்று, வந்ததுமே ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்து, வண்டியைப் பள்ளம் பார்த்துத் திருப்பிவிட்டு, கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். அந்த ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். இருளம்மாள் இறங்கியதும் போய்விடவில்லை. லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்திருப்பாள் போல. ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள்.

"எதுக்கு ஆச்சி?" என்றார் கண்ணபிரான்.

"இம்மாம் பெரிய சக்கரம் சாமி. உருண்டா யாரு பிடிக்கது? தாயி திரும்பி வரட்டும், நானே எடுத்து விடுதேன்."

அருவியைப் பார்த்துவிட்டு அவர்கள் வரும்வரை, சொன்னபடியே கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

சமுத்திரம் கடைசி வளைவில் ஏறியபோது பத்மாசனி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணபிரான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக் பெடலின்மேல் காலை லேசாக வைத்தபடி ஹேண்ட் பிரேக்கையும் விட்டிருந்தார். வண்டி முழுக்க இப்போது அந்தக் கல்லின் மேல்தான் நின்றது. அதன் முன்னால் இருளம்மாள் குந்தி, இரண்டு கையாலும் கல்லை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"வரமாட்டேங்குதே. செத்த அழுத்தி இழுக்கேன்" என்று அவள் சொல்வது கேட்டது.

"ஆச்சி! கல்லை விடு! எந்திரிச்சு அந்தாண்ட போ!"

அவன் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. இருளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கல் அதற்குள் புரண்டுவிட்டது. வண்டி மெல்ல, மிக மெல்ல, அவளை நோக்கி நகர்ந்தது.

கண்ணபிரான் பிரேக்கை அழுத்தினார். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரை வரை போயிற்று. மறுபடி அழுத்தினார். அவர் முகம் வெளுத்துப் போனதைக் கண்ணாடி வழியாகவே பார்க்க முடிந்தது.

சமுத்திரம் டிவிஎஸ் ஃபிப்டியைச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே படுக்கப் போட்டான். இருளம்மாளின் முழங்கையைப் பற்றி ஓரமாக இழுத்தான். தடித்த டயர் டிவிஎஸ்ஸின் மேல் ஏறப் பார்த்தது. விளக்கு நொறுங்கியது. ஹேண்டில் வளைந்தது. வண்டி தயங்கி நின்றது.

"சாமி, கிளட்ச்சை மிதிச்சு ரிவர்ஸ்ல போடுங்க! என்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் கிளட்ச்சை விடுங்க! ஹேண்ட் பிரேக்கை இழுங்க!"

அவர் சொன்னதைச் செய்தார். சமுத்திரம் அந்தக் கல்லையே தூக்கி மறுபடி சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். இன்னும் இரண்டு கல் கொண்டுவந்து வைத்தான். அதன் பிறகுதான் கதவைத் திறந்து பத்மாசனியை இறக்கிவிட்டான். அவள் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் இருளம்மாளைப் பிடித்துக்கொண்டாள். சரிவுக்குக் கீழே ஓடைத் தண்ணீர் பாறையில் அடித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"எம்மேலதான் தப்பு சாமி" என்றான் சமுத்திரம். "ஹோஸைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாக்கணும்னு நெனச்சேன். பொறவு விட்டுட்டேன். வலப்பக்கமா மட்டும் திருப்பிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

கண்ணபிரான் அவனைத் திட்டுவார் என்றுதான் பத்மாசனி நினைத்தாள். அவர் நசுங்கிக் கிடந்த டிவிஎஸ்ஸைப் பார்த்தார். இருளம்மாள் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"பொறுங்கன்னு சொன்னியே. நான்தானே ஏறச் சொன்னேன்" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் பத்மாசனியை அனுப்பி வைப்பது என்று ஆயிற்று. பட்டறையில் இருக்கிற பழைய சக்கரங்களையும் புது ஹோஸையும் கொண்டுவந்து மாட்டாமல் வண்டி இங்கிருந்து அசையாது என்றான் சமுத்திரம்.

"மாட்டினதும் மறுபடி ஆண்டாள் கோவிலைச் சுத்தணும்" என்றார் கண்ணபிரான், பழக்க தோஷத்தில்.

"சுத்துங்க சாமி. அதுக்கு முன்னால சந்தைப்பேட்டை மைதானத்துல நான் இடமா நாலு சுத்து சுத்திருவேன். ராகுகாலமா இருந்தாலும் சரி."

அவ்வளவு நேரமும் இருளம்மாளைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்மாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. இருளம்மாளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, கோவிலுக்கென்று கொண்டுவந்திருந்த பால்கோவாவை அவள் கையில் பிட்டு வைத்தாள்.

மறுநாள் பழைய சக்கரங்களோடு மோரிஸ் மைனர் மெதுவாக இறங்கிப் போனபோது இருளம்மாளும் வந்திருந்தாள். வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும், நடுவழியில் கிடந்த அந்தக் கல்லைக் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். மரத்தடியில், வருகிறவர்களுக்குக் கண்ணில் படும்படி வைத்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.