முப்பத்தெட்டும் நாற்பத்தாறும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவாப் பொட்டலத்தோடு என் வீட்டுக்காரர் நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. "நாப்பத்தாறுட்டி!" என்று கத்தினார். பூ விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தாள். சர்க்கரை வியாதிக்கார மனுசன், வாய்க்குள் அதற்குள் ஒரு விள்ளல் போயிருந்தது.

அவர் பெயர் சமுத்திரம். தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையத்து மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. மூன்று மாதத்துக்கு முன் ராஜபாளையத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மோவாயை மெஷின் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் ஓடுகிற ரத்தக்குழாய்களைப் படம் எடுத்தார்கள். மயிரிழை மயிரிழையாகப் பின்னிக் கிடக்க வேண்டியது அங்கங்கே இற்றுப்போய், நடுவில் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. எவ்வளவு இடத்தில் குழாய் மிச்சம் இருக்கிறது என்று மெஷினே கணக்குப் போட்டுச் சொல்லுமாம். நூற்றுக்கு முப்பத்தெட்டு. "மூணு மாசங்கழிச்சு இங்கயே வந்து எடுங்க. இதுக்கும் கீழ எறங்குனா ஸ்டியரிங்கத் தொடக்கூடாது" என்றார் டாக்டர்.

சுவரிலிருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரை வாசித்துக் காட்டிய மனுசனுக்கு அது பொறுக்கவில்லை. "எழுத்துப் பூராத் தெரியுது, வண்டி மட்டும் ஓட்டக்கூடாதோ?" என்று வழி நெடுக முறுக்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாதா? பொழுது சாய்ந்தால் குழம்புச் சட்டியை விட்டுவிட்டுத் தரையில் கரண்டியைப் போடுகிற ஆள். போன மாதம் சேத்தூர் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டி மேல் வேனை ஏற்றப் பார்த்தார். நான் அலறிய பிறகுதான் பிரேக் விழுந்தது. கேட்டால், பார்த்துக்கொண்டுதான் வந்தாராம்.

மூன்று மாதம் முடிந்ததும் பழைய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறோர் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிவந்தார். இங்கேயும் அதே மாதிரி படம் எடுத்து, நூற்றுக்கு நாற்பத்தாறு என்றார்கள். இங்கே உள்ள டாக்டரிடம் பழைய படத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார், அடுத்த வாரம் இன்னொரு டெஸ்ட்டுக்கு வரச் சொன்னார். இவர் காதில் விழுந்தது நாற்பத்தாறு மட்டும்தான். பால்கோவா வாங்க ஓடிவிட்டார்.

நான் மெஷின்காரப் பெண் மாரிச்செல்வியிடம் போய், "முப்பத்தெட்டு இப்ப நாப்பத்தாறாயிருக்கே, கண்ணு தேறிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"முன்னாடி எங்கக்கா எடுத்தீங்க?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அது வேற கம்பெனி மெஷின்க்கா. அது கணக்குப் போடுறது ஒரு மாதிரி, இது போடுறது வேற மாதிரி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கவே கூடாது. கூடிருக்கா கொறஞ்சிருக்கான்னு அந்தப் பழைய மெஷின்ல எடுத்தாத்தான் தெரியும். சாரக் கூட்டிட்டு வாங்க, டாக்டர்ட்ட சொல்லிருவோம்."

அதைச் சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சொன்னேன். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா? மெஷின் பொய் சொல்லுமா?"

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர் நெருங்கும்போது, "வேன் இல்லாட்டி நான் என்னட்டி செய்வேன்?" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பாவி மனம் இளகி, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் முதல் ஷிப்ட்டு. இன்னும் விடியவில்லை. வேன் வாசலில் நின்று ஏறுகிறவர்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தார். "கண்ணு நல்லாயிருச்சாம்ல பெரியப்பா, அப்ப எங்களுக்குப் பயமில்ல" என்று சிரித்தாள் என் தங்கச்சி மகள் விஜி. ஆறு மாத வயிற்றோடு பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். இத்தனை பேர் முன்னால் கட்டின புருசனை எப்படி அவமானப்படுத்துவது? சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. எப்போதும் பெண்களோடு பின்னால் உட்காருகிறவள் அன்றைக்கு முன்சீட்டில் ஏறினேன்.

ஊர் விளக்குகள் முடிந்து ரோடு இருட்டானது. பின்னால் யாரோ ஏதோ கேலி பேச, விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன நினைத்துச் சொன்னேனோ, வாய் முந்திக்கொண்டது.

"என்னங்க, எடது பக்கம் சைக்கிள்ல ஒரு ஆளு போறான், பாத்து."

"தெரியுதுட்டி. கத்தாத."

ஹாரன் அடித்தார். வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் விட்டு, கவனமாக, ரொம்பக் கவனமாக ஓட்டினார்.

ரோட்டில் சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் வெறும் தார்தான் கிடந்தது.

கியர் மேலிருந்த அவர் கையைப் பிடித்தேன். அவர் இன்னும் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, மறுபடி ஒரு ஹாரன் அடித்தார்.

"ஒதுங்கிட்டானாட்டி?" என்று கேட்டார்.