கிணற்று இறாலின் சொந்தபந்தம்

லின்ஸி கணினித் திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வம்ச மரம் அப்படியேதான் நின்றது.

செங்ஙன்னூரில் ஏலியாம்மா வீட்டுக் கிணற்றைக் கோடையில் இறைத்துச் சேறு வாரியபோது அகப்பட்ட இறால் அது. கண்ணும் கிடையாது, நிறமும் கிடையாது. இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்ல லின்ஸி தயாராக இருந்தாள். அதன் ஒரு காலைப் பிடுங்கி, டிஎன்ஏ எடுத்து, மற்ற இறால்களோடு ஒப்பிட்டு மரம் போடச் சொன்னால், கணினி அதை நாரன் செம்மீன் என்கிற கடல் இறாலுக்குக் கூடப்பிறந்ததாக உட்கார்த்தி வைத்திருக்கிறது. கொச்சிக்காரர்கள் குடம்புளி போட்டுக் குழம்பு வைக்கிற அதே நாரன்!

ஆய்வுக்கூடத்துத் தலைவர் பவித்ரன் சார் எட்டிப் பார்த்தார்.

"என்ன லின்ஸி, ஏலியாம்மா சேச்சி கறிக்கு வாங்கினது கைதவறிக் கிணத்துல விழுந்துருச்சா?"

கூடமே சிரித்தது.

"சார், கண்ணில்லாத நாரனை எந்தச் சந்தையில பாத்தீங்க?"

"டிஎன்ஏ பொய் சொல்லாது மோளே. கட்டுரை இன்னைக்குப் போகணும். அதைத் தூக்கிடு."

தூக்கிவிடுவதாம்! இறாலுக்கு ஏலியாம்மாவின் பெயரை வைப்பதாக லின்ஸி வாக்குக் கொடுத்திருந்தாள். அதை நம்பி அந்த அம்மாள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வந்தவர்களை வாசலோடு விரட்டிவிட்டு, சர்ச் வாசல் முதல் ரேஷன்கடை வரை தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு அங்கே போவது? லின்ஸிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்த தொட்டியருகே ஆய்வுக்கூட உதவியாளன் நவாஸைக் கவனித்தாள். படகுத்துறையில் வாங்கிய அரைக்கிலோ செம்மீனை அவன் உரித்துக்கொண்டிருந்தான். முதுகிலிருக்கும் கறுப்பு நரம்பைக் கூர்முனை இடுக்கியால் லாவகமாக உருவினான். ஆய்வுக்கூடத்து இடுக்கி. லின்ஸியின் இடுக்கி!

"நவாஸேட்டா! என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்ணிக் கொண்டுபோகலைன்னா நஸீமா வீட்டுக்குள்ள விடமாட்டா. இந்த இடுக்கிதான் நரம்புக்குத் தோதா இருக்கு."

"என் மாதாவே! இதுலதானே என் இறாலோட காலைப் பிடுங்கினேன்! அன்னைக்கும் நீங்கதானா?"

"நான் மட்டுமா? எல்லாரும்தான் எடுக்கிறோம். அன்னைக்கு..." நவாஸ் தலையைச் சொறிந்தான். "அன்னைக்குச் சார் வீட்டுல விருந்து. முழுசா மூணு கிலோ. நாரன்."

எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பவித்ரன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எவ்வளவு துடைத்தும் அது சுத்தமாகவில்லை போலும்.

"கழுவித்தான் வச்சேன்," என்றார் கடைசியில், ஈனசுரத்தில்.

லின்ஸிக்கு வந்த சிரிப்பில் விக்கலே எடுத்துவிட்டது. "டிஎன்ஏ பொய் சொல்லலை சார். இடுக்கியில ஒட்டின உங்க வீட்டு விருந்தைத்தான் சொல்லியிருக்கு!"

அதற்குப் பிறகு அவகாசம் தரமாட்டேன் என்று சார் எப்படிச் சொல்வார்? கட்டுரை காத்திருந்தது. புது இடுக்கி வந்தது. அதன் முனையைத் தீயில் காட்டி, நவாஸையும் சாரையும் அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, லின்ஸி இன்னொரு காலைப் பிடுங்கினாள்.

முடிவு வந்த நாளில் அவள் திரையை ஒட்டி உட்கார்ந்தாள். மரம் கிளைகிளையாக விரிந்தது. நாரன் தன் கூட்டத்தோடு ஒரு பக்கம். ஆற்று இறால்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும் விட்டு விலகி, ஓரமாக, நீளமான ஒற்றைக் கிளையில் அவள் இறால். லின்ஸி நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தா நெடுகக் குதித்தாள். நவாஸும் கூடக் குதித்தான். சார் குதிக்கவில்லை, கைமட்டும் தட்டினார்.

மூச்சுவாங்க ஏலியாம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"சேச்சி, புது இனமேதான்! பக்கத்துச் சொந்தம்னு ஒண்ணுகூட இல்ல. இருக்கிற தூரத்துச் சொந்தமும் பிரிஞ்சு பல கோடி வருஷமாச்சு."

மறுமுனையில் பின்னால் யாரோ பேசும் சத்தம் கேட்டது.

"கொடுத்து வச்ச ஜென்மம்டீ அது!" என்றாள் ஏலியாம்மா. "கிணத்துல பங்கு கேட்டு ரெண்டு நாத்தனாரும் இப்பத்தான் வந்து உக்காந்திருக்காளுங்க. என் பேரை உடனே வை மோளே. அவளுங்க கிளம்புறதுக்குள்ள வை!"